கண்ணும் பிரம்பும்

பிள்ளையை முதன்முதலாக ஓத விட வரும் தகப்பனார், அவனை ஆசிரியரின் கையில் ஒப்படைத்துவிட்டுச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஹஜ்ரத்!" என்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரபும் தமிழும் கற்பித்துவரும் நாம் இச்சொல்லை எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. சொல்பவர் கொடியவர் அல்லர். பிள்ளையின்மீது உயிரையே வைத்திருப்பவர்தாம். 'உம்மை முழுமையாக நம்பி இவனை விடுகிறேன்' என்பதே அவர் சொல்லின் உட்பொருள். ஆயினும் அச்சொல் ஒரு கொள்கையையும் உடன் சுமந்து வருகிறது. வகுப்பின் ஒழுங்கு பிரம்பினால் நிற்கிறது, பிரம்பைக் கீழே வைத்தால் ஒழுங்கும் விழுந்துவிடும் என்பதே அக்கொள்கை.

இது மெய்தானா என்று ஆராய்வதற்கு உதவும் நூல்கள் இரு வேறு உலகங்களில் உள்ளன. ஒன்று, 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளியான ஜேக்கப் கூனின் என்பாரின் நூல். 'வகுப்பறைகளில் ஒழுங்கும் குழுவை நடத்தும் முறையும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மற்றொரு பக்கத்தில் அரபுக் கல்வி மரபின் கிதாபுகள் நிற்கின்றன: இப்னு ஸஹ்னூனின் 'ஆதாபுல் முஅல்லிமீன்', ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்', இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா'வில் ஆசிரியரின் கடமைகளைக் கூறும் பகுதி, இப்னு கல்தூனின் 'முகத்திமா'வில் கல்வி பற்றிய இயல்கள். இவ்விரு வரிசைகளையும் ஒருங்கே வைத்து எடைபோடுவோர் குறைவு. அவ்வாறு பார்க்கப் புகுந்தோரிலும் சிலர், 'இவையெல்லாம் நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டவை' என்று பெருமிதத்தோடு நின்றுவிடுகின்றனர். வேறு சிலர், 'பழைய கிதாபுகளில் பிரம்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?' என்று கைவிட்டுவிடுகின்றனர். இவ்விரு முடிவுகளும் பிழை என்பது நம் கருத்து. இக்கட்டுரை அதனையே நிறுவ முயல்கிறது.

கூனின், டெட்ராய்ட் நகரிலுள்ள வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் கற்பித்தவர். தம் ஆராய்ச்சி பிறந்த கதையை அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஒரு நாள் அவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் செய்தித்தாளை அகல விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். அவர் அவனைக் கடிந்துகொண்டார். கடியப்படாத மற்றவர்களிடமும் அக்கணமே மாறுதல் தோன்றக் கண்டார். அங்குமிங்கும் நோக்கியிருந்தோர் நிமிர்ந்தனர். கிசுகிசுத்தோர் வாய் மூடினர். கண்கள் ஏடுகளில் பதிந்தன. அவர் அன்று நடத்தியது மனநலம் பற்றிய பாடம் என்பதை எண்ணும்போது இதிலுள்ள நகைப்பு நமக்கும் எட்டுகிறது. ஒருவனுக்கு விழுந்த சொல் பிறரிடத்தில் எழுப்பும் இவ்வதிர்வைக் குளத்தில் விழுந்த கல் எழுப்பும் சிற்றலைக்கு ஒப்பிட்டு அவர் ஆராயப் புகுந்தார். எவ்வகையான கண்டிப்பு நல்ல அலையை எழுப்பும், எவ்வகையானது கெட்ட அலையை எழுப்பும் என்பதே அவர் எழுப்பிய வினா. நல்லாசிரியர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினாவும் அதுவே.

மழலையர் வகுப்புகளில், பிள்ளைகள் பள்ளிக்கு வந்த முதல் நாட்களில், அவர் நடத்திய ஆராய்ச்சி சில விடைகளைத் தந்தது. யாரை, எதற்காக, அதற்கு மாறாக என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்ன கண்டிப்பு, பார்த்திருந்த பிள்ளைகளிடமும் ஒழுங்கைக் கூட்டியது. சினமும் முரட்டுத்தனமும் கலந்த கண்டிப்போ ஒழுங்கைக் கூட்டவில்லை. பார்த்திருந்த பிள்ளைகளின் மனத்தைக் கலக்கி, செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து அவர்களைப் பிரித்ததே அதன் பயன். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்தபோது வேறொன்று புலப்பட்டது. ஆசிரியரை விரும்பும் மாணவனும் பாடத்தைக் கற்க விழையும் மாணவனும் கண்டிப்பை ஒருவிதமாகவும், ஏனையோர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டனர். அலையின் போக்கு கல்லை மட்டும் பொறுத்ததன்று, குளத்தையும் பொறுத்தது என்று நாம் இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் கூனினின் நூல் பலவற்றுள் ஒன்றாகவே இருந்திருக்கும். அதன் தனிச்சிறப்பு அடுத்த கட்டத்தில் உள்ளது. தொடக்கப் பள்ளியின் முதலிரு வகுப்புகளில் ஒளிப்படக் கருவியை வைத்து, பாடம் நடந்தவாறே பதிவு செய்து, ஆசிரியர்கள் கண்டித்த தருணங்களையெல்லாம் தொகுத்து எண்ணிப் பார்த்தார். எவ்வளவு தெளிவாகக் கண்டித்தார், எவ்வளவு உறுதியாகக் கண்டித்தார், எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று அளந்தார். அவ்வளவுகளை, அந்தந்த வகுப்பில் பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தனர் என்பதோடு பொருத்தினார். பொருந்தவில்லை. அமைதியாக இயங்கிய வகுப்பின் ஆசிரியரும் சந்தைக்கடையாய் இரைந்த வகுப்பின் ஆசிரியரும் கண்டிக்கும் முறையில் வேறுபடவே இல்லை. பல ஆண்டுகள் ஒரு வினாவைத் துரத்திச் சென்ற ஆராய்ச்சியாளர், 'என் வினாவே தவறானது' என்று ஏட்டில் எழுதி வெளியிடுவது எளிதன்று. கூனின் அதனைச் செய்தார். இந்நூலை நாம் மதிப்பதற்கு இந்நேர்மையே முதற்காரணம்.

அப்படியாயின் வேறுபாடு எங்கே இருந்தது? அதே பதிவுகளை அவர் மீண்டும் பார்த்தார். இம்முறை குறும்பு நடந்தபின் ஆசிரியர் என்ன செய்தார் என்பதைப் பாராமல், அதற்கு முன்னும் இடையிலும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பார்த்தார். வேறுபாடு அங்கேதான் இருந்தது. அவர் கண்டவற்றுள் நான்கினை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதலாவது, விழிப்பு. 'எங்கள் வாத்தியாருக்கு முதுகிலும் கண் உண்டு' என்று பிள்ளைகள் சொல்வார்களே, அத்தன்மை. ஆசிரியர் எல்லாவற்றையும் அறிந்திருத்தல் மட்டும் போதாது. அவர் அறிந்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அது எவ்வாறு தெரியும்? குறும்பைத் தொடங்கியவனை விட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்தவனை அதட்டினால் ஆசிரியருக்குக் கண் இல்லை என்பது தெரிந்துவிடும். இருவர் பேச்சு நால்வருக்குப் பரவி, நால்வரிடமிருந்து ஒரு வரிசை முழுதும் பரவியபின் அதட்டினாலும் தெரிந்துவிடும். முதற்பிழை ஆளில் நேர்வது, இரண்டாம் பிழை காலத்தில் நேர்வது. இவ்விரண்டும் மிகுந்த வகுப்புகளில் ஒழுங்கு குறைந்திருந்தது என்பதே கூனினின் கணக்கு.

இரண்டாவது, ஒரே வேளையில் இரண்டினைக் கவனிக்கும் ஆற்றல். ஒரு பிள்ளை பாடம் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறான். மற்றொருவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். மூலையில் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்கின்றனர். ஒப்புவிப்பவனை நிறுத்திவிட்டு மூலைக்கு ஓடுபவர் ஒரு வகை ஆசிரியர். மூலையை மறந்துவிட்டு ஒப்புவிப்பவனிலேயே மூழ்குபவர் இன்னொரு வகை. செவியை ஒருவனிடத்தும் கண்ணை மற்றவர்களிடத்தும் வைத்து, கையசைவொன்றினால் மூலையை அடக்குபவரே கூனின் தேடிய ஆசிரியர்.

மூன்றாவது, பாடத்தின் ஓட்டம். எழுத்துப் பாடத்தை முடித்துக் கணக்கைத் தொடங்கியபின், 'எழுத்தில் யார் யாருக்கு எத்தனை சரி?' என்று பின்னோக்கித் திரும்புதல் ஓட்டத்தை முறிக்கும். விளக்கிக்கொண்டே இருந்தவர் வாசலில் செருப்புகள் தாறுமாறாய்க் கிடப்பதைக் கண்டு பாடத்தை விட்டுச் செருப்பைப் பற்றிப் பேசத் தொடங்குதலும் முறிக்கும். ஒரே சொல்லில் முடியும் ஏவலைப் பத்து நிமிட அறிவுரையாக நீட்டுதலும் முறிக்கும். முறிந்த இடத்தில் நீர் தேங்குவது போலக் குறும்பு தேங்குகிறது. ஒழுங்கைக் குலைத்தவர் அங்கே மாணவர் அல்லர், ஆசிரியரே என்று கூனினின் பதிவுகள் காட்டுகின்றன. ஆசிரியராகிய நமக்கு இது கசக்கும். ஆயினும் நம் வகுப்பை ஒரு நாள் நேர்மையாக எண்ணிப் பார்த்தால் மறுக்க இயலாது.

நான்காவது, வகுப்பு முழுவதையும் கையில் வைத்திருத்தல். பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுப் பிறகு வினாவைக் கேட்டால், அழைக்கப்பட்டவனைத் தவிர ஏனையோர் விடுதலை பெற்றுவிடுகின்றனர். வினாவை முதலில் எல்லார் முன்னும் வைத்து, சற்றே பொறுத்து, பின் ஒருவனை அழைத்தால் அத்தனை பேரும் விடையைத் தேடுவர். சிறிய மாற்றந்தான்; கருவி வேண்டா, பணம் வேண்டா. அந்தப் பொறுத்தலுக்கும் ஆராய்ச்சி உண்டு. மேரி பட் ரோ என்னும் அமெரிக்கப் பேராசிரியை, ஆசிரியர்கள் வினாவைக் கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடியே பொறுக்கின்றனர் என்பதையும், அது மூன்று நொடியாக நீண்டால் பிள்ளைகளின் விடைகள் நீள்வதோடு, வாய் திறவாதவர்களும் திறக்கின்றனர் என்பதையும் 1970-களில் எடுத்துக்காட்டினார்.

கூனினுக்குப் பின் வந்தோர் இவ்வடித்தளத்தின்மேல் கட்டினர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமர், எவர்ட்சன் முதலானோர் ஆண்டின் முதல் நாட்களை ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட கட்டுரை, பின்னால் ஒழுங்காக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள் தொடக்க நாட்களிலேயே வகுப்பின் நடைமுறைகளைப் பாடத்தைப் போலவே கற்பித்து, செய்து காட்டி, பழக்கினர் என்று கண்டது. தண்ணீர் குடிக்க எப்போது எழலாம், ஏட்டை எங்கே வைக்க வேண்டும், முடித்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பவற்றைச் சொல்லிக்கொடுக்காமலே அவற்றை மீறினான் என்று பிள்ளையை அடிப்பது, சொல்லிக்கொடுக்காத பாடத்தில் தேர்வு வைப்பதற்கு ஒப்பாகும்.

இனி நம் கிதாபுகளுக்கு வருவோம். மதரஸாவில் பயின்றோர் ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்' நூலை அறிவர். எட்டு நூற்றாண்டுகளாகக் கற்போரின் கையில் இருந்துவரும் சிறிய நூல். தொடக்க மாணவனுக்குப் பாடத்தின் அளவு, இருமுறை திருப்பிச் சொன்னால் மனத்தில் தங்கும் அளவாக இருந்து, நாளும் சிறிது சிறிதாகக் கூட வேண்டும் என்று அது எடுத்துரைக்கும் வழி இன்றும் பொன்னானது. அளவு மீறிய பாடமே பாதிக் குறும்பின் தாய் என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் ஒப்புவர். ஆயினும் திறனாய்வு நோக்கில் இதன் எல்லையைச் சொல்லியாக வேண்டும். இது கற்பவனை நோக்கிப் பேசும் நூல். ஆசிரியரைப் போற்றுதல், ஏட்டை மதித்தல், பொறுமை, விடாமுயற்சி ஆகிய கடமைகளை அது மாணவனின் தோளில் வைக்கிறது. மாணவன் தனக்குத்தானே படித்துக்கொள்ளும்போது அது மருந்து. ஆசிரியர் அதனைக் கையில் எடுத்து, 'பார், என்னை எப்படி மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது' என்று மாணவனுக்குச் சுட்டிக்காட்டும்போது மருந்து இடம் மாறிவிடுகிறது. வகுப்பின் ஒழுங்கு முழுவதும் மாணவனின் பொறுப்பே என்று நம்மில் பலர் எண்ணிப் பழகியதற்கு, அந்நூலை இவ்வாறு இடம் மாற்றிப் படித்ததும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

ஆசிரியரை நோக்கிப் பேசும் நூல் அதற்கு மிக முந்தியது. வட ஆபிரிக்காவின் கைரவான் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 256-இல், அதாவது கி.பி. 870-இல், மறைந்த முஹம்மது இப்னு ஸஹ்னூன் தொகுத்தது. அவர் தந்தை ஸஹ்னூன், மாலிகி மத்ஹபின் பெரும் சட்ட அறிஞர். தந்தையிடம் கேட்கப்பட்ட வினாக்களும் அவர் அளித்த விடைகளுமே நூலின் பெரும்பகுதி. செல்வரின் பிள்ளையையும் வறியவரின் பிள்ளையையும் ஒன்றாக நடத்த வேண்டும். தலையிலும் முகத்திலும் அடிக்கலாகாது. அடி மூன்றைத் தாண்டலாகாது. பிள்ளைகளைச் சொந்த ஏவலுக்கு அனுப்பலாகாது என்பன போன்ற விதிகள் அதில் உள. பெருமிதத்தோடு மேற்கோள் காட்டப்படுபவை இவையே.

ஆயின் நூலை முழுவதும் படிப்பவர், தோல்வாரையும் காலைக் கட்டி அடிக்கும் கருவியையும் ஆசிரியரே தம் செலவில் வாங்க வேண்டும், பிள்ளைகளிடம் அதற்குப் பணம் கேட்கலாகாது என்ற விதியையும் காண்பர். பிரம்பு அங்கே சுண்ணக்கட்டியைப் போல ஒரு பொருள். அது வேண்டுமா வேண்டாமா என்னும் வினாவே எழவில்லை. எவ்வளவு, எங்கே, யார் செலவில் என்பவையே வினாக்கள். இதனை மறைத்துவிட்டு, 'பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நாம் பிரம்பை ஒழித்துவிட்டோம்' என்பது நூலுக்கும் செய்யும் அநீதி, நமக்கும் செய்துகொள்ளும் வஞ்சனை. சட்ட அறிஞரிடம் வழக்கு வரும். வழக்கு வருவது அடி மிகுந்த இடத்திலிருந்து. ஆதலின் அந்நூலில் அடி பெரிதாய்த் தெரிகிறது. நன்றாக நடந்த வகுப்பைப் பற்றி யாரும் அவரிடம் வினவ வரவில்லை.

எனினும், அதே நூலில் மேற்கோள் காட்டுவோர் தாண்டிச் சென்றுவிடும் இரண்டு விடைகள் உள்ளன. பிள்ளைகள் சூழ்ந்திருக்கும்போது ஆசிரியர் தமக்காக மார்க்கச் சட்ட நூலைப் படியெடுத்து எழுதிக்கொள்ளலாமா என்பது ஒரு வினா. பிள்ளைகள் போனபின் எழுதிக்கொள்ளட்டும். அவர்கள் இருக்கையில் கூடாது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்களை விட்டுவிட்டு வேறொன்றில் கண் வைக்க இயலாது என்பது விடையின் சாரம். ஜனாஸாவுக்கும் நோயாளியைக் காண்பதற்கும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாமா என்பது மற்றொன்று. தவிர்க்க முடியாத கடமை இருந்தாலன்றிக் கூடாது. அவர் கூலிக்கு அமர்ந்தவர் என்பது விடை. எழுதுவது மார்க்க நூல், போவது ஜனாஸாவுக்கு. இரண்டும் நற்செயல்களே. அவற்றைக் காட்டிலும் பிள்ளைகள்மீது உள்ள கண் முந்தியது என்கிறார் ஸஹ்னூன். கூனின் ஒளிப்படப் பதிவில் எண்ணிக் கண்டதும் இக்கண்ணைத்தான். ஒருவர் அதனை ஒழுங்கின் ஊற்றாகக் கண்டார். மற்றவர் அதனைக் கூலிக்கு உரிய கடனாகக் கண்டார்.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. நாம் கற்பிக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, ஒரு மாலை வேளை. பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்க, நாம் மறுநாள் பயானுக்காகக் கிதாபொன்றைப் புரட்டிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். திடீரெனச் சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. நிமிர்ந்தபோது ஒரு பையன் எழுந்து நின்றிருந்தான். வேறெதையும் கேளாமல் பிரம்பை எடுத்தோம். அவனுடைய தொப்பியைப் பின்னாலிருந்தவன் பறித்து எறிந்தான் என்பதும், அதனை எடுக்கவே அவன் எழுந்தான் என்பதும் பிறகே தெரிந்தது. தகப்பனார் வந்து முறையிடவில்லை. தோலை உரிக்கச் சொன்னவர் எப்படி முறையிடுவார்? பையன் மட்டும் மறுவாரம் முதல் வரவில்லை. நாம் அழைத்தும் வரவில்லை. பின்னாளில் கூனினின் நூலில் ஆளில் நேரும் பிழை, காலத்தில் நேரும் பிழை என்ற இரண்டினையும் படித்தபோது, ஒரே அடியில் அவ்விரண்டினையும் செய்திருந்தோம் என்பது விளங்கிற்று. இப்னு ஸஹ்னூனைப் படித்தபோது மூன்றாவதொன்றும் விளங்கிற்று. மூன்றடியைத் தாண்டவில்லை என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் நூலின்படி நம் குற்றம் அடிக்கு முன்பே, கிதாபைத் திறந்தபோதே, நிகழ்ந்துவிட்டிருந்தது.

பிரம்பு பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதற்கு இமாம் கஸ்ஸாலியும் இப்னு கல்தூனும் விடை தருகின்றனர். மாணவனின் தீய நடத்தையை இயன்றவரை குறிப்பாலும் பரிவாலும் திருத்த வேண்டும் என்பது இமாம் அவர்களின் அறிவுரை. வெளிப்படையான கடிதல் ஆசிரியர்பால் உள்ள மதிப்பின் திரையைக் கிழித்து, எதிர்த்து நிற்கும் துணிவையே தரும் என்று அவர் காரணமும் கூறுகிறார். 1377-இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், கடுமையால் வளர்க்கப்பட்ட பிள்ளையிடம் உற்சாகம் ஒடுங்கிச் சோம்பல் குடிபுகும், அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூழ்ச்சியும் பழக்கமாகும், அப்பழக்கமே பின் குணமாக உறையும் என்று வரிசைப்படுத்துகிறார். அவரும் பிரம்பை அறவே விலக்கவில்லை; மூன்றென்னும் வரம்பையே நினைவூட்டுகிறார். ஆயினும் விளைவை உள்ளத்துக்குள் சென்று பார்த்தவர் அவர்.

இங்கே கூனின் கூட்டாகச் செய்து 1961-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று அவருக்குச் சான்றாக வந்து நிற்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் தண்டிக்கும் இயல்புடைய ஆசிரியர் ஒருவர், அவ்வியல்பில்லாதவர் ஒருவர் என மூன்று இணைகளைத் தேர்ந்து, அவர்களிடம் பயின்ற 174 முதல் வகுப்புப் பிள்ளைகளிடம், 'பள்ளியில் செய்யக்கூடிய மிகக் கெட்ட செயல் எது? அது ஏன் கெட்டது?' என்று வினவினர். தண்டிப்போரின் பிள்ளைகள் பிறரைத் தாக்குதல் போன்ற வன்மைச் செயல்களையே மிகுதியாகச் சொன்னார்கள். கற்றலைப் பற்றிய கவலை அவர்களிடம் குறைந்திருந்தது. ஆசிரியர் ஒழுக்கத்தைக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டிருக்க, பிள்ளைகள் அடியைக் கற்றுக்கொண்டிருந்தனர். ஆறு வகுப்புகள் சிறிய அளவுதான். ஆயினும் இப்னு கல்தூன் கூர்ந்து நோக்கிச் சொன்னதை எண்ணிப் பார்த்தோரும் கண்டனர் என்பது சிறிய செய்தியன்று.

இனிக் கூனினின் குறைகளையும் கூறுவோம். அவர் கண்டவை ஒருங்கே நிகழ்வன என்ற அளவில் மெய். விழிப்பினால்தான் ஒழுங்கு பிறந்ததா, ஒழுங்கான பிள்ளைகள் அமைந்ததால் ஆசிரியருக்கு விழிப்பு எளிதாயிற்றா என்பதை அவ்வெண்கள் மட்டும் தீர்த்துவைக்கா. ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் கண்டதைப் பதினைந்து வயது இளைஞரிடம் அப்படியே பொருத்துதலும் தகாது. எல்லாவற்றினும் பெருங்குறை வேறு. வகுப்பு தடையின்றி ஓடுகிறதா என்று அவர் பார்க்கிறார். எதை நோக்கி ஓடுகிறது என்று கேட்பதில்லை. பொருளற்ற வேலையைக் கொடுத்தும் பிள்ளைகளை ஓசையின்றி அமர்த்திவைக்கலாம். செல்வரின் பிள்ளையை முன்னும் வறியவரின் பிள்ளையைப் பின்னும் அமர்த்திய வகுப்பும் தடையின்றி ஓடலாம். அங்கே இப்னு ஸஹ்னூனின் விதி குறுக்கிடும்; கூனினின் அளவுகோல் குறுக்கிடாது. ஒழுங்கு வேறு, நீதி வேறு. நீதியில்லாத ஒழுங்கைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்களே தவிர மதிக்கமாட்டார்கள்.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. முன்னோர் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. பிரம்பின் எல்லையையும் ஆசிரியரின் கடனையும் அவர்கள் சொன்னார்கள். வகுப்பை நாழிகைதோறும் நடத்திச் செல்லும் கலையை விரித்துரைக்கவில்லை. கூனின் அக்கலையை விரித்துரைத்தார். அதனை ஆசிரியரின் கழுத்தில் கடனாக மாட்டவில்லை. கடன் என்னும் உணர்வின்றிக் கலை சில நாளில் சலித்துப்போகும். கலையறியாத கடனுணர்வு, களைத்துப்போய்க் கடைசியில் பிரம்பிடமே திரும்பும். நம் ஆசிரியர்களுக்கு இரண்டும் வேண்டும்.

இதனை இப்போது சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத்துன்பமும் தருவதைத் தன் பதினேழாம் பிரிவில் தடுக்கிறது. 2012-இல் வந்த திருத்தம், மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் மார்க்கக் கல்வியையே முதன்மையாகத் தரும் நிலையங்களும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்றது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் பிற சட்டங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆயினும் இத்திருத்தத்தைச் சலுகையாக எண்ணுவோரும் நம்மில் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் அடிபடாத அதே பிள்ளை, மாலையில் ஓத வந்த இடத்தில் அடிபட்டால், அவன் எதனை நேசிப்பான், எதனை அஞ்சுவான் என்பதைச் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெற்றோரும் இதில் பங்காளிகளே. ஒரே அறையில் ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுவிட்டு, அவருக்கு முதுகிலும் கண் வேண்டும் என்று கூனினைக் காட்டிக் கேட்பது நியாயமன்று. இன்னோர் ஆசிரியருக்கு ஊதியம் தர ஜமாஅத்தார் முன்வருதல் பிரம்பைக் கீழே வைப்பதன் முதற்படி. புதிதாய் வரும் இளம் ஆலிமைப் பிள்ளைகள் முன் அமர்த்துமுன், மூத்தவர் ஒருவரின் வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கச் செய்தல் இரண்டாம் படி.

இன்றும் தகப்பனார்கள் வருகின்றனர். இன்றும் அதே சொல்லைச் சொல்கின்றனர். இப்போது நாம் அவர்களுக்குச் சொல்லும் விடை இது: "தம்பி, தோலை உரிக்கும் வேலை நமக்கு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் சற்று நேரம் நில்லுங்கள். உங்கள் பிள்ளை எங்கே பார்க்கிறான் என்று பார்க்க வேண்டாம். நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பாருங்கள்."